மாத்திரை ஊருக்கு, சோப்பு நோயாளிக்கு

தென்னார்க்காட்டுக் கரையின் மருத்துவ வரலாறு – 11

பரங்கிப்பேட்டையைப் பற்றி வரலாற்றுப் புத்தகங்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டே செய்திகள்தான். 1781 ஜூலையில் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் இங்கே மோதின. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இங்கே இரும்பு உருக்கும் ஆலை வைத்தார். போர் ஒரே நாளில் முடிந்தது. ஆலையும் ஒரு தலைமுறைக்கு மேல் தாங்கவில்லை. ஆனால் வெள்ளாற்று முகத்துவாரம் தொடங்கி கடலூர், சிதம்பரம் வட்டாரம் முழுக்கப் பல தலைமுறைகள் குடியிருந்துவிட்டுப் போன ஒன்று உண்டு. அது யானைக்கால்.

இந்த நோயை ஒழிக்க நடந்த ஆய்வுகளில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. மாநிலத்திலேயே முதலில் 1996இல் கடலூர் மாவட்டத்தில்தான் ஊர் மக்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை கொடுக்கும் திட்டம் வந்தது. அந்த மாத்திரை எப்படி வந்தது, எதைச் சாதித்தது, யாரைக் கைவிட்டது என்பதே இந்தப் பகுதியின் கதை.

நள்ளிரவில் வரும் புழு

யானைக்காலுக்குக் காரணம் நூல் போன்ற ஒரு புழு. அது மனித உடலின் நிணநீர்க் குழாய்களில் தங்கி, நான்கைந்து ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். அது ஈனும் லட்சக்கணக்கான நுண்புழுக்கள் ரத்தத்தில் மிதக்கும். 1872இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் என்ற ராணுவ மருத்துவர் மனித ரத்தத்தில் இந்த நுண்புழுக்களைக் கண்டார். 1877இல் சீனத் துறைமுகமான அமாயில் பணியாற்றிய பேட்ரிக் மான்சன், அவை கொசுவின் வயிற்றுக்குள் வளர்வதைக் கண்டார். ஒரு நோய்க்கும் பூச்சிக்கும் உள்ள தொடர்பு உறுதியானது உலகில் அதுவே முதல் முறை. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள உறவை ரொனால்ட் ராஸ் கண்டுபிடிக்க அதன்பின் இருபது ஆண்டுகள் ஆயின.

இந்த நுண்புழுவுக்கு விசித்திரமான ஒரு பழக்கம் உண்டு. பகலெல்லாம் நுரையீரல் நாளங்களில் ஒளிந்திருக்கும். ஊர் அடங்கிய பிறகுதான் தோலுக்கு அருகிலுள்ள ரத்தத்துக்கு வரும். அதைக் கடத்தும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் இரவில்தான். அதனால் யானைக்கால் கணக்கெடுப்பு என்றால் அது ராத்திரி வேலை. இரவு எட்டரை மணிக்கு மேல் சுகாதாரப் பணியாளர்கள் டார்ச் விளக்கோடு தெருவில் இறங்குவார்கள். உறங்கப் போனவரை எழுப்பி, விரல் நுனியைப் பஞ்சால் துடைத்து ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, பெயரும் எண்ணும் எழுதிக்கொள்வார்கள். மறுநாள் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தங்கள் உடம்பில் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த பலரின் சில்லில் புழு நெளிந்த தடம் தெரியும்.

இந்த நோயின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ரத்தத்தில் நுண்புழு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கால் வீங்கியிருக்காது. கால் வீங்கியவர்களில் பெரும்பாலோரின் ரத்தத்தில் நுண்புழு இருக்காது. பார்த்ததுமே தெரியும் நோயாளியிடமிருந்து நோய் பரவுவதில்லை. நல்ல ஆரோக்கியமாக நடமாடுபவரிடமிருந்தே பரவுகிறது. அடுத்து வந்த அரை நூற்றாண்டின் எல்லா முடிவுகளையும் இந்த ஒரு உண்மையே தீர்மானித்தது.

சென்னையில் படித்தவர் தந்த மருந்து

1940களில் பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்கப் படையினர் ஆயிரக்கணக்கில் இந்தப் புழுவின் தொற்றுக்கு ஆளானார்கள். அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகம் மருந்து தேடத் தொடங்கியது. அப்போது அங்கே ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு 1923இல் அமெரிக்கா போனவர். அவர் வழிநடத்திய குழு 1947இல் டைஎத்தில்கார்பமசின் என்ற மருந்தை அறிவித்தது. சுருக்கமாக டிஇசி. அடுத்த ஆண்டே சுப்பாராவ் காலமானார். அவர் படித்த சென்னை மாகாணத்திலேயே அந்த மருந்து கோடிக்கணக்கான வாய்களுக்குப் போகப்போகிறது என்பதை அவர் பார்க்கவில்லை.

1955இல் இந்திய அரசு தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஊருக்கே டிஇசி கொடுப்பது, கொசுவுக்கு மருந்தடிப்பது என்று இரட்டை வழி. மருந்து கொடுக்கும் வழி விரைவிலேயே முட்டுச்சந்தில் நின்றது. மாத்திரையைத் தொடர்ந்து சில நாட்கள் விழுங்க வேண்டியிருந்தது. ரத்தத்தில் புழு உள்ளவர் விழுங்கினால் புழுக்கள் செத்து, அதனால் காய்ச்சலும் தலைவலியும் மயக்கமும் வரும். நன்றாக இருந்த மனிதனுக்கு மாத்திரை கொடுத்து, மாத்திரையால் காய்ச்சலும் வந்தால் ஊர் என்ன பேசும்? அடுத்த நாள் மாத்திரையை யாரும் தொடவில்லை. 1960களின் தொடக்கத்தில் அரசு அந்த வழியைக் கைவிட்டது. அதன்பின் திட்டம் நகராட்சிச் சாக்கடையில் கொசுப்புழுவுக்கு எண்ணெய் தெளிப்பதோடும், இரவு ரத்தம் எடுத்துப் புழு இருந்தவருக்கு மட்டும் பன்னிரண்டு நாள் மாத்திரை கொடுப்பதோடும் சுருங்கியது. கிராமங்கள் கணக்கிலேயே இல்லை.

ஒரே வேளை போதுமா?

திருப்பம் வந்தது 1980களில். சமோவா, தாஹிதி தீவுகளில் நடந்த ஆய்வுகள் ஒரு எளிய கேள்வியைக் கேட்டன. பன்னிரண்டு நாள் எதற்கு, ஆண்டுக்கு ஒரே ஒரு வேளை கொடுத்தால் போதாதா? போதும் என்று விடை வந்தது. ஒரு வேளை மருந்து நுண்புழுக்களைப் பெருமளவு குறைத்தது, குறைவு பல மாதம் நீடித்தது. தாய்ப்புழு சாகும் வரை, அதாவது ஐந்தாறு ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் கொடுத்துவந்தால் கொசுவுக்குக் கடத்த எதுவும் கிடைக்காது.

அதே காலத்தில் சென்னையிலும் ஒரு முக்கியமான ஆய்வு நடந்தது. மருத்துவர் வி. குமாரசாமியும் அமெரிக்காவின் எரிக் ஆட்டிசனும் சேர்ந்து, ரத்தத்தில் நுண்புழு இருந்த 40 ஆண்களுக்கு ஐவர்மெக்டின் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1988இல் வெளியான அந்த முடிவு, ஒரே வேளை மருந்தால் நுண்புழு மறைவதை உலகுக்குக் காட்டியது.

இரண்டு மருந்தில் எது நல்லது, அதை ஒரு மனிதனுக்கல்ல, ஒரு முழு ஊருக்கே கொடுத்தால் என்ன ஆகும் என்று கண்டறிய இறங்கியது புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் 1975இல் அமைந்த நிலையம் அது. பழைய தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் கடலூர், விழுப்புரம் என இரண்டாகப் பிரிந்திருந்தது. விழுப்புரம் பக்கத்து கிராமங்களை ஆய்வாளர்கள் மூன்று கூறாக்கினார்கள். ஒரு கூறுக்கு டிஇசி, மற்றொன்றுக்கு ஐவர்மெக்டின், மூன்றாவதற்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ரத்தத்தை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. வீடுகளில் கொசு பிடித்து, அறுத்து, உள்ளே புழு இருக்கிறதா என்றும் எண்ணினார்கள். பி.கே. தாஸ், கே.டி. ராமையா குழுவின் அந்த முடிவு 2001இல் வெளியானது. நான்கு சுற்றுக்குப் பிறகு டிஇசி ஊர்களில் நுண்புழு உள்ளவர் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியானது. ஐவர்மெக்டின் ஊர்களில் இன்னும் சற்று அதிகமாகக் குறைந்தது. வெறும் மாத்திரை ஊர்களில் பெரிய மாற்றமில்லை. தகுதியுள்ளவர்களில் கால்வாசிப் பேராவது ஒவ்வொரு சுற்றிலும் விடுபட்டும் இந்தப் பலன் கிடைத்தது என்பதே செய்தி.

1996: கடலூர்

ஆய்வு முடியும்வரை அரசு காத்திருக்கவில்லை. 1996–97இல் மத்திய அரசு ஏழு மாநிலங்களில் 13 மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதற்குக் கிடைத்த மாவட்டம் கடலூர். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். நோய் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி கிடையாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் தவிர எல்லாருக்கும் டிஇசி. பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் மாத்திரை மூன்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு, சின்னஞ்சிறுசுகளுக்கு ஒன்று.

கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், சுகாதார ஆய்வாளர் என்று பெரும் படையே தெருவில் இறங்கினால்தான் இது நடக்கும். சாப்பிட்ட பிறகே விழுங்க வேண்டிய மாத்திரை என்பதால் வெறும் வயிற்றில் இருப்பவர்களிடம் பொட்டலத்தை நீட்டிவிட்டு வர நேர்ந்தது. கடலுக்குப் போன மீனவர் வீட்டிலும், நடவுக்குப் போன கூலித் தொழிலாளி வீட்டிலும் மாத்திரை மாடத்திலேயே கிடந்தது. கொடுத்த கணக்கு ஒன்று, விழுங்கிய கணக்கு வேறு. தமிழ்நாட்டில் இதை ஆராய்ந்தவர்கள் எழுதிய அறிக்கைகளெல்லாம் இந்த இடைவெளியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பின்னாளில் பணியாளர் முன்னிலையிலேயே விழுங்க வேண்டும் என்ற விதி வந்ததற்குக் காரணம் இதுதான்.

1997இல் உலக சுகாதாரப் பேரவை யானைக்காலை ஒழிக்க வேண்டிய நோய் என்று தீர்மானித்தது. 2004இலிருந்து ஆண்டுக்கொருமுறை மாத்திரை நாடு தழுவிய திட்டமானது. டிஇசியோடு குடற்புழு மாத்திரையான அல்பெண்டசோலும் சேர்ந்தது. குழந்தைகளின் வயிற்றுப் பூச்சியும் கூடவே குறைந்ததால் தாய்மார்கள் திட்டத்தை விரும்பத் தொடங்கினார்கள்.

மாத்திரை ஒன்றே போதாது என்பதையும் இதே மண் காட்டியது. மதுரையிலுள்ள பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் திருக்கோவிலூர் வட்டார கிராமங்கள் சிலவற்றில் மாத்திரையோடு கொசு ஒழிப்பையும் சேர்த்தார்கள். கழிவுநீர்க் குழிகளில் தெர்மகோல் மணிகளை மிதக்கவிட்டார்கள். நீர்ப்பரப்பு மூடினால் கொசுவால் முட்டையிட முடியாது. கிணறுகளில் கொசுப்புழு தின்னும் மீன்களை விட்டார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, மாத்திரையால் கிடைத்த பலன் இந்த ஊர்களில்தான் உறுதியாக நிலைத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆறேழு வயதுப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்து, புதிய தொற்று இல்லை என்று உறுதியான பிறகு, தமிழ்நாட்டில் மாவட்டம் மாவட்டமாக மாத்திரை நின்றது. ஒரு தலைமுறை இந்தப் புழுவை அறியாமலே வளர்ந்துவிட்டது.

விடுபட்டவர்கள்

இவ்வளவும் வெற்றிக் கதை. ஆனால் இந்த வெற்றியில் ஏற்கெனவே கால் வீங்கியவருக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. மாத்திரை நுண்புழுவைக் கொல்லும். சிதைந்துபோன நிணநீர்க் குழாயைச் சரிசெய்யாது. ஊருக்கெல்லாம் மாத்திரை வந்த நாளில், அவரும் மூன்று மாத்திரை விழுங்கினார். கால் அப்படியே இருந்தது. தம் காலைக் குணமாக்கத்தான் மாத்திரை தருகிறார்கள் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். மாத்திரை மீது ஊரில் எழுந்த அவநம்பிக்கைக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நோயாளிகளிடம் பேசிப்பாருங்கள். காலின் பருமனைப் பற்றி அவர்கள் முதலில் சொல்லமாட்டார்கள். 'காய்ச்சல் வந்து நெறி கட்டும்' என்பதைத்தான் சொல்வார்கள். திடீரென்று குளிர் தூக்கிப் போடும். தொடை இடுக்கில் நெறி கட்டும். கால் சிவந்து நெருப்பாகக் கொதிக்கும். மூன்று நாளோ ஐந்து நாளோ எழுந்திருக்க முடியாது. கூலி போகும். ஆண்டுக்கு இப்படிப் பல தடவை வரும். ஒவ்வொரு தடவையும் கால் இன்னும் கொஞ்சம் பருத்து, தோல் தடித்து, மடிப்பு விழும்.

இந்தக் காய்ச்சலுக்கும் புழுதான் காரணம் என்று மருத்துவர்கள் வெகுகாலம் நினைத்தார்கள். அதனால் காய்ச்சல் வரும்போதெல்லாம் டிஇசி கொடுத்தார்கள். இந்த எண்ணத்தை அசைத்த ஆய்வுகளில் ஒன்று தஞ்சாவூரில் நடந்தது. போலந்து மருத்துவர் வால்டெமர் ஒல்ஷெவ்ஸ்கி, எஸ். ஜமால், ஜி. மனோகரன் ஆகியோர் நோயாளிகளின் தோலிலும் நிணநீரிலும் நிணநீர் முடிச்சுகளிலும் பாக்டீரியாக்கள் இருப்பதைக் கண்டு 1997இல் வெளியிட்டார்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெருசா டிரேயர் என்ற பெண் மருத்துவரும் இதையே சொல்லிவந்தார். காய்ச்சலைக் கொண்டுவருவது புழு அல்ல, வெளியிலிருந்து தோல் வெடிப்பு வழியாக நுழையும் கிருமி.

எங்கே நுழைகிறது? கால் விரல் இடுக்கில். நம் ஊரில் அதற்குச் சேற்றுப்புண் என்று பெயர். நாற்று நடுகிறவருக்கும், வலை இழுக்கிறவருக்கும், வீட்டுக் கொல்லையில் ஈரத்தில் நிற்கிறவருக்கும் சாதாரணமாக வருவது. நல்ல காலுக்கு அது வெறும் அரிப்பு. நிணநீர் ஓடாத காலுக்கு அதுவே வாசல்.

சோப்பை வைத்து ஒரு ஆய்வு

காலைக் கழுவினால் காய்ச்சல் குறையும் என்று சொல்வது எளிது. அதை ஆய்வாக நடத்திக் காட்டியது கேரளத்தின் ஆலப்புழா மருத்துவக் கல்லூரி. ஆர்.கே. ஷெனாய், டி.கே. சுமா, சென்னையின் குமாரசாமி ஆகியோர் நோயாளிகளைப் பிரித்து, சிலருக்கு ஐவர்மெக்டின், சிலருக்கு டிஇசி, சிலருக்கு வெறும் மாத்திரை கொடுத்தார்கள். எல்லாருக்கும் பொதுவாகக் கால் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். 1998இல் முடிவு வந்தது. மருந்து வாங்கியவருக்கும் காய்ச்சல் குறைந்தது, வெறும் மாத்திரை வாங்கியவருக்கும் குறைந்தது. குறைத்தது மாத்திரை அல்ல, கழுவிய கை.

ஆலப்புழா நோயாளிகளுக்கு இருந்தது மலபார்க் கரையில் காணும் வேறு வகைப் புழு. நம் கரைப் புழுவுக்கும் இது பொருந்துமா என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 150 நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். கால் பராமரிப்போடு பென்சிலின், டிஇசி, இரண்டும், களிம்பு என்று பல பிரிவுகள். எல்லாப் பிரிவிலும் காய்ச்சல் குறைந்தது. டிஇசி சேர்த்ததால் பெரிய கூடுதல் பயன் தெரியவில்லை.

செய்முறை இதுதான். அகன்ற தொட்டியில் காலை வைத்து, சுத்தமான தண்ணீரை முழங்காலிலிருந்து கீழே ஊற்ற வேண்டும். வெந்நீர் கூடாது. சோப்பைக் கையில் நுரைத்து, தோல் மடிப்புகளுக்குள்ளும் ஒவ்வொரு விரல் இடுக்கிலும் மென்மையாகத் தேய்க்க வேண்டும். பிரஷ்ஷோ கல்லோ போடக்கூடாது. ஊற்றிய தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், துடைத்து இழுக்கக்கூடாது. விரல் இடுக்கு முழுக்கக் காய்ந்தால்தான் கழுவியதற்குப் பலன். புண் இருந்தால் களிம்பு. உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பது, கணுக்காலை அசைப்பது, கடிக்காத செருப்பு. தினமும், வாழ்நாள் முழுக்க.

இதே புழுவால் விரைவீக்கம் வந்த ஆண்களுக்கு வேறு வழி உண்டு. சிறிய அறுவை சிகிச்சையில் அது சரியாகும். அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்கிறார்கள். வெட்கத்தால் வெளியில் சொல்லாமல் பல ஆண்டு சுமந்து திரிகிறவர்கள்தான் அதிகம்.

கணக்கைத் தீர்ப்பது

இந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு முரண் தெரிகிறது. புழுவை ஒழிக்கும் ஆய்வுகளுக்கு அரை நூற்றாண்டு உழைப்பும் உலகத்துப் பணமும் வந்தன. நோயாளிக்கு நேரடியாக உதவிய ஆய்வு கடைசியில்தான் வந்தது. அதன் விடையோ மிகமிக மலிவானது. பரவலை நிறுத்துவதே முதல் வேலை என்று திட்டமிட்டவர்கள் தவறு செய்யவில்லை. ஆனால் பரவல் நின்றதும் நோய் தீர்ந்தது என்று ஊரும் அரசும் எண்ணிவிட்டால், இன்னும் முப்பது நாற்பது ஆண்டு அந்தக் காலோடு வாழப்போகிறவர்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள்.

உலக சுகாதார நிறுவனம் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. பரவல் நின்றால் மட்டும் ஒரு நாடு நோய் ஒழிப்புச் சான்று பெற முடியாது. நோயாளிகளுக்குக் கால் பராமரிப்பும் அறுவை சிகிச்சையும் கிடைக்கிறது என்றும் காட்ட வேண்டும். 2016இல் அண்டை நாடான இலங்கை அந்தச் சான்றைப் பெற்றுவிட்டது. இந்தியாவின் இலக்கு ஆண்டு 2027. தமிழ்நாட்டில் மிகவும் முற்றிய, நான்காம் நிலை யானைக்கால் நோயாளிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. தொட்டி, குவளை, சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய பையும் சுகாதாரத் துறை தருகிறது.

பரங்கிப்பேட்டையிலோ புவனகிரியிலோ சிதம்பரத்திலோ உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு இந்தப் பை கிடைத்ததா என்று கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். கிடைத்தும் மூலையில் கிடந்தால், முதல் நாள் ஒருமுறை கழுவிக் காட்டுங்கள். அதன்பின் அவர் பார்த்துக்கொள்வார்.

(தொடரும்)